மூத்த மாப்பிள்ளையின் லாரி ரயில்

வெள்ளக்கரட்டில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள், ஆனால் ஆளுக்கு ஓரிடத்தில் ஆரம்பிப்பார்கள். டீக்கடைக்காரர் டீயில் ஆரம்பிப்பார், தையல்காரர் எட்டு லுங்கிகளில் ஆரம்பிப்பார், கோயில் பூசாரி திவசத்தில் ஆரம்பிப்பார். நாம் அர்த்தநாரியின் வயிற்றெரிச்சலில் ஆரம்பிப்போம், ஏனென்றால் அதிசயம் நடப்பதற்கு முன்னாலேயே அது அங்கே இருந்தது, அதிசயம் வந்தபோது அதற்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் கிடைத்தது, அவ்வளவுதான்.

வெள்ளக்கரடு லாரிக்காரர்களின் ஊர். வீட்டுக்கு ஒரு லாரி நிற்கும், லாரி நிற்காத வீட்டில் ஒரு டிரைவராவது குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் கணவாய்ச் சாலை கரைந்துபோய், இந்தப் பக்கத்துப் பஞ்சும் வெல்லமும் இந்தப் பக்கமே கிடந்து புழுங்கியபோது, ரயில்காரர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: லாரியை அப்படியே ரயிலில் ஏற்றிவிடலாம், மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடலாம், இறங்கிய லாரி தன் பாட்டுக்கு ஓடட்டும். ஓரப் பலகை இல்லாத மொட்டை வேகன்கள் எட்டு வந்தன. எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எட்டு மூக்கு லாரிகள் சரிவு மேடையில் ஏறி, வேகன் மேல் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு போய் நின்றன. டயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து அண்டை கொடுத்து, சங்கிலி போட்டு இறுக்கினார்கள். டிரைவர்கள் மட்டும் இறங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். வண்டியை விட்டுவிட்டு டிரைவர் எங்கே போவான் என்று கேட்டு, எட்டுப் பேரும் அவரவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லாத வண்டியில் ஓட்டுகிற மாதிரியே உட்கார்ந்துகொண்டார்கள். மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள், ரயில் கிளம்பியது, அடுத்த ஸ்டேஷனுக்கு அது போய்ச் சேரவில்லை. இந்த ஸ்டேஷன் மாஸ்டர் அனுப்பினேன் என்றார், அந்த ஸ்டேஷன் மாஸ்டர் வரவில்லை என்றார், இருவருமே பொய் பேசாதவர்கள். நடுவில் கொஞ்ச தூரத் தண்டவாளமும், அதற்கு மேலே வளைந்து நிற்கும் ஒரு கல்பாலமும்தான். தண்டவாளம் பளபளவென்று கிடந்தது, பாலம் ஒரு கல் பெயராமல் நின்றது. கொஞ்ச நாள் தேடினார்கள், பிறகு எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

அந்த ரயிலின் முதல் வேகனில் ஏறியிருந்த லாரியின் டிரைவர் குப்பண்ணன். அவருக்குப் பாவாயி, செல்லாயி என்று இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் அப்போது இடுப்பில் தூக்கும் வயசு. அப்பா இல்லாமலே வளர்ந்து அவர்கள் பெரிய மனுஷிகளானபோது, மூத்தவள் பாவாயியை ஐ.டி.ஐ.யில் டிராயிங் மாஸ்டராக இருந்த அர்த்தநாரிக்கும், இளையவள் செல்லாயியை டயர் பட்டறை வைத்திருந்த சென்னியப்பனுக்கும் கட்டிக் கொடுத்தார்கள். சகலைகள் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்த முதல் நாளே, தன் இலையில் விழுந்த அப்பளம் சகலை இலையில் விழுந்ததைவிடச் சின்னது என்று அர்த்தநாரிக்குத் தோன்றியது. சின்னதுதான், அவர் கண் அளவு தப்பாது. ஆனால் அதைக் கல்யாண வீட்டில் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்.

ரிட்டையர் ஆன பிறகு அர்த்தநாரி அந்த லாரி ரயிலைச் செய்ய உட்கார்ந்தார். எண்பத்தேழில் ஒரு பங்கு என்று அளவு வைத்துக்கொண்டு, அந்தப் பழைய போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, வேகனில் எத்தனை பலகை, பலகையில் எத்தனை ஆணி, எந்தச் சங்கிலி முறுக்கிப் போட்டிருக்கிறது, எந்த லாரியின் இடது விளக்கில் கண்ணாடி இல்லை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் அரத்தால் தேய்த்து, ஊசியால் துளைத்து, ஒற்றை முடி பிரஷ்ஷால் வர்ணம் பூசி, மாமனாரின் லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் தெரிந்த பஞ்சு மூட்டைகளை ஆறு வரிசை என்று எண்ணி ஆறு வரிசை அடுக்கினார். எட்டு டிரைவர்களையும் பிளாஸ்டர் மாவில் செதுக்கி எட்டு சீட்டிலும் ஒட்டி வைத்தார். கல்பாலத்துக்கு நேரில் போய், வளைவுக்கு அடியில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு அளந்துகொண்டு வந்து, கல்லுக்குக் கல் செய்து பின் அறையில் வைத்தார். ரயில் முன் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது, பாலம் பின் அறையில் நின்றது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. ரயிலை ஓட்டிக் காட்டுங்கள் என்று யாராவது கேட்டால், இன்னும் முடியவில்லை என்பார், ஏனென்றால் அவரைப் போன்றவர்களுக்கு எதுவும் முடிவதில்லை.

சென்னியப்பனுக்கு அந்த வருஷம் மழையில் பட்டறையில் வேலை இல்லை. சகலை செய்கிறாரே என்று அவரும் ஒன்று செய்தார். தீப்பெட்டிகளை ஒட்டி லாரி, மருந்து பாட்டிலின் ரப்பர் மூடிகளை வெட்டி டயர், சங்கிலிக்குப் பதில் தையல் நூல், பஞ்சு மூட்டைக்குப் பதில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பஞ்சை அமுக்கி ஒரு துண்டு. மொத்தமாகப் பார்த்தால் எட்டுத் தவளைகள் பலகை மேல் உட்கார்ந்திருப்பது போலக் குட்டையாக இருந்தது. தையல் மெஷின் மோட்டாரில் கயிறு கட்டியிருந்தார், அது இழுக்க இழுக்க ரயில் கூடத்தை வட்டமாகச் சுற்றும். இந்த லட்சணத்தில் அதை அவர் ஓட்டவும் செய்தார், தினமும் ஓட்டினார், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஓட்டிக் காட்டினார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் செல்லாயி கூடம் பெருக்கப் போனபோது, எட்டுத் தீப்பெட்டிகளிலும் எட்டு டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். விரல்கணு உயரம் இருந்தார்கள், வேர்த்திருந்தார்கள், அன்றைக்குப் போன அதே வயசில் இருந்தார்கள், டீ கிடைக்குமா என்று கேட்டார்கள். அவர்கள் குரல் பக்கத்துத் தெருவில் ஓடும் ரேடியோ போலத்தான் கேட்டது, ஆனாலும் காதைக் கிட்டே கொண்டுபோனால் வார்த்தை தெளிவாக இருந்தது. செல்லாயி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பால் காய்ச்சப் போனாள்.

முதல் லாரியில் இருந்தவர் குப்பண்ணன் என்று தெரிந்து, பட்டறை ஆள் ஓடிவந்து, "சார், உங்க மாமனார் வந்துட்டாருங்க" என்று சொன்னபோது, அர்த்தநாரி கேட்ட முதல் கேள்வி, "எந்த ரயில்ல?" என்பதுதான்.

"சென்னியப்பண்ணன் ரயில்லங்க."

அர்த்தநாரி தன் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். எட்டு பிளாஸ்டர் டிரைவர்களும் எங்கேயும் போகாமல் அப்படியே இருந்தார்கள்.

ஊர் அந்த அதிசயத்தை இரண்டு நாளில் செரித்துக்கொண்டது. எப்படி வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, லாரிக்காரர்கள் வீட்டுக்குத் தாமதமாக வருவது அந்த ஊரில் புதுசும் இல்லை. எங்கே படுப்பார்கள், என்ன உடுத்துவார்கள், எறும்பு வந்தால் என்ன செய்வது என்பதுதான் பேச்சாக இருந்தது. டீக்கடைக்காரர் கண் மருந்து பாட்டிலின் மூடியில் டீ ஆற்றினார், அதை எட்டுப் பேரும் அண்டாவைச் சுற்றி உட்கார்வதுபோல உட்கார்ந்து குடித்தார்கள். தையல்காரர் ஒரே ஒரு கைக்குட்டையில் எட்டு லுங்கி தைத்துவிட்டு, துணி மிச்சம் என்று திருப்பிக் கொடுத்தார். கூடத்தைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டார்கள், பல்லிகளை விரட்டினார்கள், தெருப் பூனையைத் தாஜா செய்து அடுத்த ஊர் மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டார்கள். லாரி உரிமையாளர் சங்கத்தில் இவர்களை உறுப்பினராகச் சேர்ப்பதா, டிரைவர் சங்கத்தில் சேர்ப்பதா என்று சண்டை வந்து, கடைசியில் இரண்டிலும் சேர்த்தார்கள். இத்தனை வருஷம் இவர்களுக்குக் கொடுத்த திவசம் செல்லுமா செல்லாதா என்று கேட்டபோது, பூசாரி நன்றாக யோசித்து, அது முன்கூட்டிப் போட்ட கணக்கில் இருக்கும், பின்னால் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மூன்றாவது லாரி டிரைவரின் பெண்டாட்டி மறுகல்யாணம் செய்துகொண்டிருந்தாள். அவள் இரண்டாவது புருஷனோடு வந்து பழம் வைத்துக் கும்பிட்டாள், அந்த இரண்டு ஆண்களும் பெட்ரோல் விலையைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள். ஆறாவது லாரி டிரைவரின் மகனுக்கு அப்பாவைவிட இருபது வயசு கூட இருந்தது, வந்தவன் எந்த முறையில் காலில் விழுவது என்று தெரியாமல் நின்றான், அப்பாதான், "உளுந்து எந்திரிடா, மூட்டு வலிச்சா பரவால்ல" என்றார்.

பாவாயி விடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள், பொழுது சாய வருவாள். வந்ததும் பேச்செல்லாம் அப்பா பேச்சுத்தான்.

"ஏனுங்க, அப்பா இன்னிக்கு ரெண்டு சொட்டு ரசம் குடிச்சாருங்க. எம்பட கட்டைவெரல்ல சாஞ்சு உக்காந்துட்டே தூங்கிட்டாருங்க. நீங்களும் ஒருக்கா வாங்களேன்."

"வர்றேன்" என்பார் அர்த்தநாரி. போக மாட்டார். அவளுடைய கட்டைவிரலைப் பார்ப்பார். தன் வீட்டுச் சோற்றைத் தின்கிற விரலில் சாய்ந்து மாமனார் அந்த வீட்டில் தூங்குகிறார் என்று நினைக்க நினைக்க, நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் ஒரு இடம் காந்தும். ஒரு ஆணி விடாமல் செய்தவன் நான், ஒவ்வொரு சங்கிலிக் கண்ணியையும் தனித்தனியாக வளைத்தவன் நான், என் லாரியில் உட்கார வேண்டிய மனுஷன் தீப்பெட்டியில் போய் உட்கார்ந்திருக்கிறாரே என்று அவருக்கு அழுகையே வந்தது. மாமனார் வந்துவிட்டார் என்ற சந்தோஷம் அவருக்கும் இருக்கத்தான் செய்தது, ஆனால் அது இந்தக் காந்தலைத் தாண்டி மேலே வர முடியாமல் அடியிலேயே கிடந்தது.

கடைசியில் ஒருநாள் போனார். மாமனார் தீப்பெட்டியிலிருந்து இறங்கி, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நரைத்த தலையோடு நின்ற மூத்த மாப்பிள்ளைக்குக் கும்பிடு போட்டார். "வாங்க மாப்பிள்ளை. சௌக்கியங்களா?" என்றார். முப்பத்தைந்து வயசுகூட இருக்காது அவருக்கு. அர்த்தநாரி பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, வந்த வேலையைப் பார்த்தார். குனிந்து ஒவ்வொரு வேகனாகச் சகலையின் தப்புகளைச் சொல்ல ஆரம்பித்தார். டயர் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் இருக்கிறது, லாரிக்கு மூக்கே இல்லை, அண்டைக்கட்டை ஒன்றுகூட வைக்கவில்லை, பாலத்தையே காணோம்.

"பாலமா?" சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். "அது ஒண்ணு இருந்துச்சில்ல. மறந்தே போயிட்டேன் சகலை."

"சங்கிலிக்கு நூலு போட்டிருக்கறீங்க."

இரண்டாவது லாரியிலிருந்து ஒரு குரல் வந்தது. "நூலே நல்லாருக்குதுங்க. சங்கிலின்னா போற வழியெல்லாம் சத்தம்."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேலி இல்லை, சும்மா சிரிப்புத்தான், ஆனால் அர்த்தநாரிக்கு அது சும்மாவாகத் தெரியவில்லை. வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது, அப்படி வந்துகொண்டிருக்கும்போதுதான் அவருக்குக் காரணம் பிடிபட்டது, அல்லது பிடிபட்டதாக அவர் நினைத்தார்: அவருடைய லாரிகளில் சீட் காலி இல்லை. எட்டு சீட்டிலும் பிளாஸ்டர் ஆள் உட்கார்ந்திருந்தால் நிஜ ஆள் எங்கே உட்காருவார்? வேலை சுத்தமாக இருந்ததுதான் குற்றம், வேறொன்றும் இல்லை. அன்றைக்கே சின்னக் குறடை எடுத்து எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பிடுங்கினார். மாமனாரைப் பிடுங்கும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது, மீசைக்கு அத்தனை நாள் உழைத்திருந்தார்.

சீட்டுகள் காலியாக இருந்தன. ஒரு வாரம் காத்துப் பார்த்தார், யாரும் வரவில்லை. அப்போதுதான் அவர் அதைச் செய்தார், சாதாரண மனசோடு இருந்தால் செய்திருக்க மாட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் வைத்து, "மூத்த மாப்பிள்ளை ஊட்டுக்கு விருந்துக்கு வரச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டுட்டு வா" என்று பாவாயியை அனுப்பினார். அந்தப் பக்கத்தில் சம்பந்தம் செய்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மூத்த மாப்பிள்ளை வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டால், மாமனார் காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து வர வேண்டும். வராவிட்டால் பெண் வாழ்கிற வீட்டையே மதிக்கவில்லை என்று அர்த்தம். அர்த்தநாரிக்கு அது தெரியும், தெரிந்துதான் அனுப்பினார்.

பாவாயி சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். "வர்றாருங்க. மத்த ஏழு பேரும் கூட வர்றாங்களாமா. குப்பண்ணன் போற எடத்துக்கு நாங்களும்னு சொல்லிட்டாங்க. ஆனா அப்பா வெத்தலையைத் தொட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசாமயே இருந்தாருங்க."

"சந்தோஷத்துல இருந்திருப்பாரு" என்றார் அர்த்தநாரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே வந்தது. முன் அறையில் கால் வைக்க இடமில்லை, ஜன்னலில் ஆள், வாசலில் ஆள், சென்னியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் நின்றார். முன் அறையிலிருந்து நிலைப்படியைத் தாண்டிப் பின் அறை வரைக்கும் தண்டவாளம் போட்டிருந்தார் அர்த்தநாரி, அதன் கோடியில் கல்பாலம். அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். பாவாயி தாம்பாளத்தைத் தாழ்த்திப் பிடிக்க, எட்டு டிரைவர்களும் இறங்கி, வேகனைத் தொட்டுக் கும்பிட்டு, அவரவர் லாரியை அவர்களே கண்டுபிடித்து ஏறினார்கள். ஒருவருக்கும் வண்டி மாறவில்லை.

"அடேய், எம்பட வண்டி கதவு இப்படித்தான் கிறீச்சுங்கும்."

"லைட்டு கண்ணாடி இல்லீன்னு கூடத் தெரிஞ்சு வெச்சிருக்கறாருங்க."

"இந்த சீட்டுக் கிழிசல் பாருங்கய்யா, இது நான் கிழிச்சது."

ஐந்தாவது லாரிக்காரர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். அர்த்தநாரி ஒவ்வொரு லாரியிடமும் குனிந்து காதைக் கொடுத்தார், ஒவ்வொருவரும் அப்படியே இருக்கிறது, அப்படியே இருக்கிறது என்று சொல்லச் சொல்ல, நிமிர்ந்து சகலையின் முகத்தைப் பார்த்தார். சென்னியப்பன் வாயைத் திறந்தபடி நின்றார். அர்த்தநாரியின் வாழ்நாளில் அதுபோல ஒரு காலை வந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை, இத்தனை வருஷத்துக் காந்தலும் இளநீர் குடித்த மாதிரி இறங்கியது. மாமனார் ஒருவர்தான் ஒன்றும் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "போலாமுங்க மாப்பிள்ளை" என்றார்.

அர்த்தநாரி, ரயிலுக்குக் கரண்டு விடும் நீளக் கம்பியின் நுனியில் இருந்த குமிழைத் திருகினார். ரயில் நகர்ந்தது. முதல்முறையாக ஓடுகிறது, ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை, சங்கிலிகள் மட்டும் லேசாகக் கிணுகிணுத்தன. கூட்டம் முன் அறையிலேயே நின்று எட்டிப் பார்க்க, அவர் குமிழைக் கையில் பிடித்துக்கொண்டு, ரயிலோடு கூடவே குந்தியபடி நகர்ந்து பின் அறைக்குப் போனார். கடைசி வேகனும் நிலைப்படியைத் தாண்டியது. இந்த வேலை செய்கிறவர்கள் எல்லாரும் செய்வதுபோலத் தலையைத் தரையோடு தாழ்த்தி, தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கண்ணை வைத்து, எதிரே வருகிற பாலத்தையும் மாமனாரின் லாரியையும் ஒரே நேர்க்கோட்டில் அப்போதுதான் பார்த்தார்.

ஆறாவது வரிசை மூட்டை பாலத்து வளைவின் அடிப்பக்கத்தைவிட ஒரு நூல் உயரமாக இருந்தது.

அவர் கண் அளவு தப்பாது. லாரியின் உயரத்தைத் தனியாகச் சரியாக அளந்திருந்தார், பாலத்தின் உயரத்தைத் தனியாகச் சரியாக அளந்திருந்தார், இத்தனை வருஷத்தில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கவே இல்லை. மூட்டைக்கும் வளைவுக்கும் மூன்று விரல் தூரம் இருக்கும்போது ரயிலை நிறுத்தினார்.

"மாமா" என்றார் மெதுவாக. "தெரியுங்களா உங்களுக்கு?"

"தெரியுமுங்க மாப்பிள்ளை." குப்பண்ணன் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, பாலத்தைப் பார்த்தபடியே பேசினார். "ரயில்காரங்க அளந்தப்ப அஞ்சு வரிசைங்க. அவங்க அளந்துட்டு அந்தப் பக்கம் போன பொறகு, மில்லுக்காரர் கெஞ்சினாருன்னு இன்னொரு வரிசை ஏத்துனேன். எம்பட வண்டிதான மொதல்ல போகுது. பின்னால ஏழு பேரு. அவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க. பிள்ளைங்களுக்கும் தெரியாது."

"அப்ப என்ன ஆச்சுங்க?"

"அது எனக்குச் சொல்லத் தெரியலீங்க. பாலம் வந்துச்சு. அப்பறம் சின்ன மாப்பிள்ளை ஊட்டு டீ வாசம் வந்துச்சு."

"இதுல போனா மறுபடியும்..."

"ஆமாங்க. இது அப்படியே இருக்குதுங்களே."

"தெரிஞ்சும் ஏன் மாமா வந்தீங்க? வரலீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்க கல்யாணத்துக்கு நான் வந்து நிக்கல. மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வர வேண்டியவன் நானு. நீங்க வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்ட பொறகு வராம இருக்க முடியுங்களா? எம் பொண்ணு உங்க ஊட்டுல இருக்குதுங்களே."

குமிழ் அர்த்தநாரியின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது. உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்: அந்த நேரத்திலும் அவருடைய மனசின் ஒரு மூலை, பார்த்தாயா, ஒரு நூல் பிசகவில்லை, இதை ஓட்டினால் போன ரயில் போன மாதிரியே போகும், உலகத்தில் எவனும் இப்படிச் செய்ததில்லை என்று சொல்லத்தான் செய்தது. அந்த மூலை சொல்லி முடிக்கட்டும் என்று அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு குமிழை விட்டுவிட்டு, கம்பியையும் பிடுங்கிப் போட்டார்.

முன் அறையிலிருந்து சத்தம் வந்தது. "என்ன சகலை, நின்னுருச்சு?" கேட்டுக்கொண்டே சென்னியப்பன் நிலைப்படியில் வந்து நின்றார், அவர் தோளுக்கு மேலே பாவாயி, செல்லாயி, அவர்களுக்குப் பின்னால் ஊர்.

அர்த்தநாரி எழுந்தார். முழங்காலில் மண் ஒட்டியிருந்ததைத் தட்டவில்லை.

"அளவு தப்புங்க" என்றார். "லோடு ஒசரத்தைத் தப்பாப் போட்டுட்டேன். போகாது."

பாவாயிதான் நம்ப முடியாமல் கேட்டாள். "நீங்களா? நீங்களா அளவு தப்பாப் போட்டீங்க?"

அர்த்தநாரி மாமனாரைப் பார்த்தார். அந்த அறையில், அந்த ஊரில், உலகத்திலேயே அந்த அளவு சரி என்று தெரிந்த இன்னொருவர் அவர் மட்டும்தான். குப்பண்ணன் லாரியிலிருந்து இறங்கி, வேகனின் ஓரத்துக்கு வந்து, பாவாயி உள்ளே வந்து நீட்டிய உள்ளங்கையில் ஏறிக்கொண்டார்.

"ஆமா சாமி" என்றார். "மாப்பிள்ளை அளவு தப்புத்தான். எம்பட வண்டியில இத்தனை மூட்டை இல்லவே இல்ல."

அதற்குப் பிறகு எல்லாம் லேசாகிவிட்டது. ஜன்னலில் இருந்தவர்கள் வாசலில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள், மாஸ்டரே அளவில் கோட்டை விட்டுவிட்டாராம் என்று தெருவில் ஒரு சிரிப்பு ஓடியது. மற்ற ஏழு பேரும் ஒவ்வொருவராகத் தாம்பாளத்தில் ஏறினார்கள், வண்டி அழகுதான், ஆனாலும் சென்னியப்பன் வண்டி மாதிரி வராது என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள், விருந்து சாப்பிட்டுவிட்டுத் தீப்பெட்டிக்குப் போகலாம் என்று முடிவானது. சென்னியப்பன் உள்ளே வந்து, மனசு விட்டு வருத்தப்பட்டு, அர்த்தநாரியின் தோளில் கையைப் போட்டார்.

"இதுக்கெல்லாம் மனசு ஒடையலாமுங்களா சகலை? அடுத்த வாட்டி செய்யறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அளவு நான் சொல்றேன்."

அளவு சரிதான் என்று நிரூபிக்க அர்த்தநாரிக்கு ஒரு நிமிஷம் போதும். நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் அந்த இடம் முன்னெப்போதையும்விட மோசமாகக் காந்தியது. பாவாயி உள்ளங்கையைக் குவித்து அப்பாவை மூடிக்கொண்டு, புருஷன் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரிங்க சகலை" என்றார் அர்த்தநாரி. "கேக்கறேன்."